மெட்டில்டா அக்கா கொடுத்த ஒரு வாரம்

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு மெட்டில்டா அக்கா வீடு. புருஷன் போன பிறகு முன் ஹாலில் பாய் விரித்து, வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். கொஞ்சத் தெரியாது. வேளைக்குச் சோறு, வேளைக்குத் தூக்கம், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைகள் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டேதான் திரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் பிள்ளை உள்ளே வந்ததும், அம்மாக்காரி கிளம்பும் முன்பே, சட்டையைத் தூக்கி முதுகுக்குப் பவுடர் போடுவார். பவுடர் ஒரு சாக்கு. எங்கே கீறல், எங்கே வீக்கம் என்று பார்த்து நீள நோட்டில் எழுதுவார். அம்மாவிடம் காரணம் கேட்டு, பக்கத்திலேயே கையெழுத்தும் வாங்கிவிடுவார். முன்னே ஒரு தடவை, வீட்டில் அண்ணன்காரன் கடித்த தழும்புக்கு ஒருத்தி இவரைத் தெருவில் நிறுத்திக் கிழித்துவிட்டுப் போனாள். அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு.

"இன்னாக்கா, பிள்ளையா, திருட்டுக் கேஸா? கைரேகை ஒண்ணுதான் பாக்கி" என்பேன்.

"நீ வூட்டுல உக்காந்துகினு பேசுவ செல்லம்மா. என் தலையில விடிஞ்சா நீயா வந்து நிப்ப?"

2006 ஜூனில் பெனிட்டா வந்தாள். மூன்றரை வயசு. அம்மா ஜென்சி சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. அப்பா ஷெர்வினுக்கு மறைமலை நகரில் ஷிஃப்ட் வேலை. வாடகை வீடு கேம்ப் ரோட்டில். பிள்ளை இரண்டே நாளில் பழகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் தானாகவே திரும்பி, சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பவுடர் போட்டு முடித்ததும் "எழுது" என்று உத்தரவு வேறு போடும்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்கா நோட்டோடு என் சமையலறைக்கே வந்துவிட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"படி" என்றார்.

ஜூலை 4, தோளில் நகக்கீறல், காரணம் பூனை. ஜூலை 19, முதுகில் இரண்டு கோடு, காரணம் கட்டிலிலிருந்து விழுந்தது. ஆகஸ்ட் 2, பாதத்தில் வட்டமாகப் புண், காரணம் கொசுவத்தி. அன்றைக்குக் காலையில், காதுக்குப் பின்னால் வீக்கம், காரணம் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஜென்சியின் கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டது மாதிரி அழகாக.

"அவங்க வூட்டுல பூனையே கிடையாதாம். பிள்ளை சொல்லுது."

அவர் ஹால் சுவரில் யாரோ ஒரு பெண் ஒட்டிவிட்டுப் போன 1098 நோட்டீஸ் இருந்தது. அடிபடுகிற பிள்ளையைப் பற்றி யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சொல்லலாம். அதற்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். பிள்ளை பார்க்கிறவர்கள் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

"நமக்கெதுக்குக்கா? புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நாளைக்கு உங்க வாசல்ல ஜீப்பு நின்னா எவ பிள்ளைய விடுவா? முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட பேசுங்க. ரெண்டு பேரும் ஒரே சர்ச்தானே" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். ஜென்சியின் மானம், அக்காவின் பிழைப்பு எல்லாவற்றையும் யோசித்தேன். பிள்ளையின் முதுகை யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜென்சியை உட்காரவைத்துக் கேட்டார். நானும் இருந்தேன்.

"பூனைன்ற, கட்டில்ன்ற. யாரு அடிக்கிறது?"

ஜென்சி அழுதாள். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சி காலையில வந்து படுக்கறப்ப இது சத்தம் போட்டா அவருக்குத் தாங்காது ஆன்ட்டி. மத்தபடி நல்லவருதான். நான் பேசிப் பாக்கறேன். ஒரே ஒரு வாரம் குடுங்க. வெளிய தெரிஞ்சா என்னையும் விடமாட்டாரு."

அக்கா நோட்டை மூடினார். "சரி. ஒரு வாரம்."

திங்கட்கிழமை பிள்ளை வரவில்லை. செவ்வாய் சுதந்திர தின லீவு. புதன்கிழமை நானும் அக்காவும் கேம்ப் ரோட்டுக்குப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமையே காலி பண்ணிட்டாங்களே, மினி லாரில ஏத்திகினு போனாங்க" என்றார் வீட்டுக்காரர். "எங்கன்னு நான் ஏன் கேக்கப்போறேன்?"

அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. முனையில் இருந்த எஸ்டிடி பூத்துக்குள் போய் 1098 அடித்தார். அன்றைக்கே ஒரு பெண்ணும் ஒரு ஆளும் வந்தார்கள். எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டார்கள்.

"வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்கக்கா" என்று காதோடு சொன்னேன்.

அவர் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். "ஜூலை நாலுலேர்ந்து தெரியும்மா. எழுதிக்கோ."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருந்த நோட்டு அது.

தேடிக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் பெனிட்டா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் தப்பியது. இடது காது கேட்காமல் போய்விட்டது. ஷெர்வின் ஜெயிலுக்குப் போனான். ஜென்சி அம்மா வீட்டுக்குப் போனவள்தான், என்ன ஆனாள் என்று தெரியாது. பிள்ளையை ஒரு ஹோமில் சேர்த்தார்கள்.

நான் சொன்னபடியே எங்கள் தெருவில் ஜீப் நின்றது. தீபாவளிக்குள் பதினாலு பிள்ளை மூன்றாகிவிட்டது. "நோட்டு போட்டு நம்மளயே மாட்டிவிடுவாங்க" என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள். அக்கா "வெள்ளிக்கிழமையே போன் பண்ணியிருந்தா வீடு தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் அடிக்கடி சொல்லுவார், எனக்கா தனக்கா என்று தெரியாமல்.

நவம்பரில் பார்க்க அனுமதி கிடைத்தது. பையில் பிஸ்கட் பாக்கெட்டோடு பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். "அதெதுக்குக்கா?" என்றேன். பையை மூடித் தோளில் மாட்டினார்.

ஹோம் வராந்தாவில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டோம். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் அக்காவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, திரும்பி நின்று சட்டையைத் தூக்கினாள்.

பழைய கோடுகள் வெளுத்திருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை. அக்கா டப்பாவைத் திறந்தார். பாதிப் பவுடர் தரையில் கொட்டியது. நான்தான் வாங்கிப் போட்டுவிட்டேன்.

போட்ட பிறகும் பிள்ளை சட்டையை இறக்காமல் நின்றது.

"எழுதலயா?" என்று கேட்டது.

நோட்டு அப்போது கோர்ட்டில் இருந்தது.