நரம்புக் கிளினிக்கில் பத்மாசினி மிஸி

“எறும்பு ஊருதோ, எறும்பு கடிக்குதோ?”

கால் விறைக்கிறது என்று வந்த ஆழ்வாப்பிள்ளையரிடம் பத்மாசினி மிஸி கேட்டார். கிழவர் யோசித்து, “ஊருது” என்றார். “முள்ளு மேலை நடக்கிற மாதிரியோ, பஞ்சு மேலையோ?” பஞ்சு. “செருப்புக் கழண்டால் தெரியுதோ?” தெரியவில்லையாம். போன கிழமை சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாராம். மிஸி வெள்ளைக்கார டொக்டர் பக்கம் திரும்பி நாலே நாலு ஆங்கிலச் சொல்லில் விஷயத்தை முடித்தார். டொக்டர் சிறுநீரில் சீனி பார்க்கத் துண்டு எழுதினார்.

இது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் நரம்புக் கிளினிக். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒருநாள் காலை பல் விளக்கும்போது கொப்பளித்த தண்ணீர் தன்பாட்டில் இடப்பக்கம் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் வலப்பக்கம் போயிருக்கிறது. டொக்டர் எவரோ ஒரு துரையின் பெயரைச் சொல்லி, அவருடைய வாதம் என்றார். “இன்னொராளின்ரை வாதம் எனக்கேன்?” என்று கோணல் வாயால் கேட்டேன். மிஸி சிரிக்கவில்லை. “முகத்து நரம்பு வீங்கி நித்திரையாப் போட்டுது. மூண்டு கிழமையிலை எழும்பும். அதுவரைக்கும் படுக்கேக்கை கண்ணைத் துணியாலை கட்டுங்கோ.” சொன்னபடி எழும்பியது. ஆனாலும் நான் செவ்வாய் தவறாமல் போய் அங்கே போட்டிருந்த வாங்குப் பலகையில் குந்திக்கொண்டிருந்தேன். வருத்தம் மாறினாலும் விடுப்புப் பார்க்கும் ஆசை மாறாதே.

மிஸிக்கு வயது அறுபது. ஊர் கொக்குவில். முப்பத்திரண்டு வருடம் தாதியாக இருந்து பென்சன் எடுத்து, மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரை, டொக்டருக்குத் தமிழ் தெரியாது, வந்து உதவுங்கள் என்று கூப்பிட்டார்கள். மினிபஸ் ஓடினால் மினிபஸ்ஸில் வருவார். ஓடாவிட்டால் மருமகனின் சைக்கிள் கரியரில், குடையை விரித்தபடி வருவார். மருமகன் முக்கி முனகுவது ஒழுங்கை முனையிலேயே கேட்கும்.

மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாகக் கீறிக் காட்டும் இயந்திரம் கொழும்பில் இருக்கிறது. சண்டையால் கொழும்புக்குப் பாதை இல்லை. இங்கே ஒரு குப்பி விளக்குக்கு எண்ணெய் தேடுவதே பெரும்பாடு. ஆகவே நோயாளி வாயால் சொல்வதை வைத்துத்தான் டொக்டர் முடிவு எடுக்கவேண்டும். அந்தச் சொல்லைப் பிடுங்கி எடுப்பதில் மிஸியை வெல்ல ஆளில்லை. “ஒரு மாதிரி இருக்குது” என்று எவராவது சொன்னால் போச்சு. “எந்த மாதிரி? ஒரு மாதிரிக்கு எங்களிட்டை மருந்தில்லை. உளையுதோ, குத்துதோ, சுண்டி இழுக்குதோ, எரியுதோ? யோசிச்சுப்போட்டு வாங்கோ, நான் அங்காலை உள்ளவரைப் பாக்கிறன்.” ஆளை வாங்குக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். பரீட்சையில் தவறிய பிள்ளையைப்போல் அவரும் போய் இருந்து, இடுப்பைத் தடவித் தடவி யோசிப்பார்.

டொக்டர் சொல்லும் நீண்ட பெயர்களை அவர் தமிழாக்கும் விதமும் தனி. கலைச்சொல் அகராதியைத் தலைகீழாகப் பாடம் பண்ணிய ஒரு பயிற்சி டொக்டர், பாரிசவாதம் வந்த கமக்காரர் ஒருவரிடம் அவருக்கு நேர்ந்தது “மூளைக் குருதிக்குழாய் விபத்து” என்று விளக்கினார். “நான் வாகனமே ஏறுறேல்லை ஐயா,” என்று மனிசன் சத்தியம் பண்ணத் தொடங்கிவிட்டார். மிஸி குறுக்கே வந்தார். “தலைக்கை ஒரு வாய்க்கால் அடைபட்டுப் போச்சு. தண்ணி போகாத பாத்தி வாடும். உங்கடை வலக்கை அந்தப் பாத்தி.” வெங்காயத் தறைக்கு நாற்பது வருடம் தண்ணீர் கட்டியவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பயிற்சி டொக்டர் மூஞ்சியைத் தொங்கப்போட்டார். அவர் கையிலிருந்த அகராதியை இழுத்துப் பார்த்து, “உம்மடை சொல்லும் பிழையில்லை, மகன். சோதினைக்கு அதை எழுதும்,” என்று மிஸியே ஆறுதலும் சொன்னார்.

இப்படிப்பட்டவர் ஒரு சொல்லுக்காகப் பேனையை மேசையில் வைத்துவிட்டு எழுத மறுத்ததையும் கண்டேன்.

கொடிகாமம் பக்கத்திலிருந்து சின்னாச்சி என்ற தாய் தன் மகள் குணலட்சுமியைக் கூட்டி வந்திருந்தார். இருபத்திரண்டு வயது. நாலு மாதத்தில் மூன்று தரம் விழுந்து, கை கால் அடித்து, நாக்கைக் கடித்திருக்கிறாள். டொக்டருக்குச் சந்தேகமே இல்லை, வலிப்பு. மிஸி கிளினிக் அட்டையை எடுத்ததும் சின்னாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸி, அந்தச் சொல்லை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. தலைச்சுத்து எண்டு எழுதுங்கோ. ஆவணியிலை இவளுக்குக் கலியாணம். ஆரும் பாத்தினமெண்டால் எல்லாம் குழம்பிப் போம்.”

“ஒருக்கா எழுதினனான்,” என்றார் மிஸி.

சில வருடங்களுக்கு முன் வேறொரு தாய் இதே மாதிரிக் கெஞ்ச, மிஸி மனமிரங்கித் தலைச்சுற்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் வாழப்போன வீட்டில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. ஒருநாள் தனியாகத் தண்ணீர் அள்ளப் போனவள் கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போனாள்.

“தலைச்சுத்திலை விழுந்தவள் எண்டுதான் அந்த வீட்டுக்காரர் இண்டைக்கும் சொல்லிக்கொண்டு திரியினம். நான் எழுதிக் குடுத்த சொல்லுத்தானே.” மிஸியின் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

சின்னாச்சி அழுதார். “அப்ப என்ரை பிள்ளை காலம் முழுக்கக் குமரா இருக்கிறதோ?”

“அப்பிடி நான் சொல்லேல்லை. மாப்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

தாய் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். அதுவரை வாய் திறக்காத குணலட்சுமிதான் பேசினாள். “நான் வரச்சொல்லுறன் அம்மா. தெரியாமல் கட்டுறதெண்டால் எனக்கு அது வேண்டாம்.”

அடுத்த செவ்வாய் மாப்பிள்ளை பரமலிங்கம் வந்தான். சந்தைக்கு மரக்கறி ஏற்றி இறக்குகிறவன், தோள் அகன்ற ஆள். சின்னாச்சியும் மகளும் ஒரு பக்கம் இருந்தார்கள். மிஸி சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, குணலட்சுமிக்கு வலிப்பு இருக்குது. பேயுமில்லை, கண்ணூறுமில்லை. சந்தையிலை எல்லாரும் ஒரேயடியாக் கத்தினால் எப்பிடி, அப்பிடி மூளை நரம்பெல்லாம் ஒண்டாக் கத்தும். ஒண்டு ரண்டு நிமிசத்திலை அடங்கும். குளிசை போட்டால் கனபேருக்கு வராது. சிலபேருக்கு வரும்.”

“தொத்துமோ?”

“இல்லை.”

“பிள்ளையள்?”

“பிறக்கும். அதுக்கு முதல் இங்கை வந்து கேட்டுக்கொண்டு போங்கோ, குளிசை மாத்தவேண்டி வரும்.”

பரமலிங்கம் எழும்பினான். போகப்போகிறான் என்றுதான் நினைத்தோம். சின்னாச்சி சேலைத் தலைப்பை வாயில் அமத்திக்கொண்டார். குணலட்சுமி அவனைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். அவன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு சாவிகள் தொங்கும் ஒரு திறப்புக் கோர்வையை எடுத்தான்.

“வந்தால் இரும்பைக் கையிலை திணிக்கோணும் எண்டு எங்கடை பக்கத்திலை சொல்லுறவை. உது காணுமோ, இன்னும் பெரிசா வேணுமோ?”

வாங்குகளில் இருந்த இருபது பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்திருக்கவேண்டும். மிஸி மூக்கை உறிஞ்சிவிட்டு உடனே பழைய கண்டிப்புக்குத் திரும்பினார்.

“உது பூட்டுத் திறக்க. கையிலை ஒண்டும் வேண்டாம், வாய்க்கையும் ஒண்டும் வைக்கக்கூடாது, அமத்திப் பிடிக்கவும் கூடாது. கிணத்தடிக்கும் அடுப்படிக்கும் தனிய விடாதேயும். விழுந்தால் ஆளை ஒருக்களிச்சுச் சரிச்சு விடும், எச்சில் வெளியிலை போகட்டும். அஞ்சு நிமிசத்துக்கு மேலை போனால் இங்கை கொண்டு ஓடி வாரும்.”

“சரிக்கிறதெண்டால் எப்பிடி?”

மிஸி அதை ஆங்கிலத்தில் சொல்ல, அங்கே செய்து காட்டலாம் என்று டொக்டர் கட்டிலைக் காட்டினார். கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி கிடந்தாள். மிஸி சுற்றுமுற்றும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் குணலட்சுமியிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்து, ஒவ்வொரு முழங்காலாக மடித்து இறங்கி, அத்தனை பேர் முன்னிலையிலும் சீமெந்து நிலத்தில் மல்லாந்து படுத்தார்.

“நான்தான் இப்ப குணலட்சுமி. விழுந்திட்டன். திருப்பும், தம்பி.”

பரமலிங்கம் பக்கத்தில் முழந்தாளிட்டான். தாய் வயதுப் பெண்ணைத் தொடக் கூசி, கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். மிஸி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவி, அவன் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தார்.