கிணற்றடிக் குழாய்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் அவளுடைய வீட்டுக்கு வந்து இருப்பான். பிரிந்தால் உடுப்புப் பையோடு அவன்தான் வெளியேற வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் வாப்பா அப்படிப் போனார். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். ஊரில் வீடு வீடாகக் குழாய் பூட்டுவது அவருடைய தொழில்.

மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் கிணற்றடிக் குழாய் ஒழுகும். அப்போதுதான் உம்மா என்னை அவருடைய அறைக்கு அனுப்புவார். வேறு எதற்கும் நான் அங்கே போக முடியாது. அவர் இங்கே வரவும் வேறு வழியில்லை. அப்படி வந்தால், குழாயைக் கழற்றி, கசியாமலிருக்க அதன் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, ஆறுதலாகத் திருகி முடிக்க ஒரு பின்னேரம் போகும். உம்மா கதவுக்குப் பின்னால் நிற்பார். பிளேன்டீயை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாப்பா என் பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கேட்பார். மற்ற நாட்களில் அவற்றை யாரும் கேட்பதில்லை.

"ஒங்கட வாப்பா பூட்டினா, கீழ வாளியும் வெக்கணுமாமே!" என்று பக்கத்து வீட்டுப் பையன் சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த முறை கூர்ந்து பார்த்தேன். குழாயைத் திருகத் திருக, டேப் சுருண்டு வெளியே வந்தது. திருகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அதைச் சுற்றியிருந்தார்.

மறுபடி ஒழுகியபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. மேலே இருந்த தண்ணீர்த் தாங்கியின் வால்வை அடைத்தேன். மரையைத் துடைத்து, திருகும் பக்கமாகவே டேப்பைச் சுற்றி, நானே பூட்டினேன். ஒரு சொட்டும் விழவில்லை.

"ஏன்டா மகன் அதத் தொட்ட?" என்றார் உம்மா.

அவரிடம் கேட்காமலே வாப்பாவின் அறைக்கு ஓடினேன்.

"வாப்பா, நீங்க பிழையாத்தான் சுத்துற. நான் சரியாச் சுத்தி நிப்பாட்டிட்டன். இனி நீங்க வரத் தேவல்ல!"

வாப்பா கையிலிருந்த டேப் சுருளைக் கீழே வைத்தார்.

"நல்லா இறுக்கினயா?"

"ஓம்."

"அப்ப இனி ஒழுகாது, மகன்" என்று என் தலையைத் தடவினார்.

அதன்பின் அந்தக் குழாய் ஒழுகவில்லை. வாப்பாவும் வரவில்லை. அவருடைய பிழையைத் திருத்திவிட்ட பெருமையோடு எத்தனையோ பின்னேரங்கள் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் வேலை செய்த மற்ற வீடுகளில் ஒரு குழாய்கூட ஒழுகியதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.