மூட்டையை ஏற்றிவிட்டு சுவிட்சைப் போடுகிறவர்கள்

எல்லாம் ஓடும்போது டிரைவர் எழுதுகிறவனை யாரும் நினைப்பதில்லை. நின்றுபோனால் பெற்றவளைவிட அதிகமாக நினைக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதில் சொருகிய மெஷினுக்கும் நடுவில் நின்று பேசும் நிரல்தான் டிரைவர். நான் எழுதுவது எடை மெஷினுக்கானது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். கள்ளக்குறிச்சியில் ராத்திரி ஊர் அடங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து, தட்டித் தட்டிக் கற்றுக்கொண்ட வேலை. என்னைப்போல் தூக்கம் கெட்ட சொந்தங்களே, இது உங்களுக்கு.

கண் தெரியாத டிரைவர்

என் டிரைவர் நேரடியாக மெஷினோடு பேசாது. வேறு யாரோ எழுதிய லைப்ரரி என்ற இன்னொரு நிரலைத் துணைக்கு எழுப்ப வேண்டும். அது தயார் என்றால்தான் வேலை. ஏதாவது கோளாறென்றால் மைனஸ் போட்டு ஒரு எண்ணைத் தரும்.

வெள்ளிமலையில் சாமையும் தினையும் வாங்கும் கடை வைத்திருக்கிறார் ஜெயசீலி. அங்கே கரண்ட் போய் வந்தால் எல்லாம் ஒன்றாக முழிக்கும். லைப்ரரி மட்டும் சோம்பல் முறிக்கும். என் டிரைவர் அதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுப்பும்படி மாற்றினேன். அப்படியும் மைனஸ் வந்தால் ‘மெஷினைக் காணோம்’ என்று தமிழில் சொல்லும்படியும் செய்தேன். அடுத்த வாரமே ஜெயசீலியிடமிருந்து போன் வந்தது.

“மெஷினு என் எதுருலயே குந்திக்கினு இருக்குது, காணோம்னு சொல்லுதே. அதுக்குக் கண்ணு தெரியாதுங்களாண்ணே?”

வாரத்தில் ஒருநாள்

மற்ற நாட்களில் எந்தக் கோளாறும் இல்லை. வாரம் ஒருமுறை ஜீப்பில் மூட்டைகள் வந்திறங்கும் காலையில் மட்டும் எடை நின்றுவிடும். எடை ஓடாவிட்டால் அதே ஜீப்பில் மூட்டைகள் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வியாபாரியிடம் இறங்கிவிடும். இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. இன்னொரு வாரமும் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றார் ஜெயசீலி. என்னோடு இந்த டிரைவரைப் பார்த்துக்கொள்ளும் புதுச்சேரி அருளிடம் சொன்னேன்.

“வாரத்துல ஒருநாள் மட்டும் வருதுன்னா அது பிழை இல்லப்பா, நேர்த்திக்கடன்.”

வெறுந்தட்டு

பஸ் பிடித்து மலையேறினேன். ஜீப் வந்தது. சின்னாண்டி என்ற பெரியவர் முதல் மூட்டையைத் தட்டில் வைத்தார். ஜெயசீலி கண்ணை மூடி ஜெபம் சொல்லி, அப்புறம்தான் சுவிட்சைப் போட்டார்; ஜீப் வரும் நாளில் மட்டும் இந்த வழக்கமாம். முழிக்கும்போது தன்மேல் என்ன இருந்தாலும் அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வது எடை மெஷினின் குணம். மூட்டை ஏறியும் பூஜ்யம் காட்டுகிறதே என்று பெரியவர் அதை இறக்கினார். மெஷின் மைனஸில் போனது. மைனஸ் என்றாலே கோளாறு என்று நம்பிய என் டிரைவர், ‘மெஷினைக் காணோம்’ என்று படுத்துவிட்டது.

தட்டைக் காலியாக வைத்து சுவிட்சைப் போடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க வூட்டுல வெறும் எலையப் போட்டுட்டு சாப்புட வாங்கன்னு கூப்புடுவீங்களா, தம்பி?”

ஹாரன்

ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் மூட்டையைத் திரும்ப ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, லைப்ரரி சொல்லும் கோளாறு ஒரு வழியாகவும் எடை வேறு வழியாகவும் வரும்படி பிரித்தேன். எடை மைனஸில் போனால், ‘தட்டு காலியா? பூஜ்ய பட்டனை அழுத்துங்கள்’ என்று கேட்கும்படி எழுதினேன். ஜெயசீலி அழுத்தினார். பெரியவர் மூட்டையை மறுபடி வைத்தார். எடை சரியாக வந்தது. ஜீப்பில் ஏறிய மூட்டைகளும் கீழே வந்தன. ஜெயசீலி வாசலை எட்டிப் பார்த்தார்.

“ஜீப்புக்காரரு மூஞ்சியத் தூக்கிக்கினு காலியா எறங்குறாரு. நீங்க போறதுக்கு பஸ்ஸு இருக்குதுங்களாண்ணே?”

கோளாறு என்று என் டிரைவர் புலம்பியதெல்லாம் ஒரு சாமை மூட்டைதான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது, வேலைதான் ஒன்றும் நடக்கவில்லை.