அம்மா பேசியதும் நான் சொன்னதும்

பத்து வயதில், பிரித்தானிய அரசாங்கத்தின் ஒரு முடிவை நான் தனியாளாக மாற்றிவிட்டதாக நம்பினேன். ஏறக்குறைய எட்டு வருடம் அந்த நம்பிக்கை என்னோடு இருந்தது. அதில் பெருமை கொஞ்சம், பயம்தான் கூட.

அப்போது நாங்கள் ஹவுன்ஸ்லோவில் ஒரு சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிமார். சமையலறை பக்கத்து அறைக் குடும்பத்துக்கும் பொது. அவர்கள் சமைத்து முடித்த பிறகுதான் எங்கள் முறை வரும். தலைக்கு மேலே ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் ஓயாமல் போகும். ஒன்று போகும்போது பேச்சை நிறுத்துவோம், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

எங்கள் ஆட்களில் பலருக்கு அந்தப் பெரிய விமான நிலையத்தில்தான் வேலை. பெரியப்பா விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். அப்பாவையும் அங்கே சேர்த்துவிடுவதாக மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். அப்பா சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

அப்பா வேலை செய்தது ஒரு சின்ன விமானத் திடலில். ஒரு பஸ் ஏறி, இறங்கி, இருபது நிமிடம் நடக்க வேண்டும். புல்லில் வெட்டிய ஓடுபாதை, இரண்டு கொட்டகை, தேநீர் விற்கும் ஒரு மரக் குடில், நாலு பேர் நெருங்கி உட்காரக்கூடிய விமானங்கள். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களும், வார இறுதியில் பறக்கும் வசதியான மனிதர்களும் அங்கே வருவார்கள். அப்பா புல் வெட்டினார், எரிபொருள் நிரப்பினார், இறக்கைகளைக் கழுவினார். ஊரில் லொறி கராஜ் வைத்திருந்தவர் அவர். ஆனால் இங்கே சான்றிதழ் இல்லாததால் எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது. காது கொடுத்துக் கேட்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை. ஏதாவது ஓர் இயந்திரம் சரியாக ஓடவில்லையென்றால் அங்கிருந்த வயதான வெள்ளைக்கார மெக்கானிக், அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஓரிடத்தை விரலால் காட்டுவார். பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும். சனிக்கிழமைகளில் கூடப் போன நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்து அப்பா, வீட்டில் நாங்கள் காணாத ஒருவர்.

அந்தத் திடலின் சொந்தக்காரர் நிலத்தை வீடு கட்டும் கம்பனி ஒன்றுக்கு விற்க நினைத்தார். கவுன்சிலுக்கும் அதில் சம்மதம்தான். வீடில்லாத குடும்பங்களின் பட்டியல் அவர்களிடம் நீளமாக இருந்தது. புதிய வீடுகளில் ஒரு பகுதியைத் தங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். ஆனால் சின்ன விமானத் திடல்களைக் கண்டபடி மூடவிடக்கூடாது, மேலே வீடு எழும்பிவிட்டால் ஓடுபாதை ஒருநாளும் திரும்பி வராது என்று அரசாங்கம் ஒரு கொள்கை வைத்திருந்தது. அதனால் அமைச்சு குறுக்கிட்டு, பொது விசாரணை நடத்த ஓர் அதிகாரியை அனுப்பியது. யார் வேண்டுமானாலும் நகர மண்டபத்துக்கு வந்து தங்கள் கருத்தைச் சொல்லலாம்.

திடலின் மனேஜராக இருந்த பெண்மணி அப்பாவைப் பேச வரச் சொன்னார். பணக்காரரின் பொழுதுபோக்கு இடம் என்ற பேச்சை உடைக்க, அங்கே உழைக்கும் ஒருவர் பேசினால் நல்லது என்பது அவருடைய கணக்கு. மொழிபெயர்க்க மகளைக் கூட்டிவரும்படியும் சொன்னார். அப்பா ஒரு கிழமையாக, குளிக்கும்போதுகூடத் தனக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்களும் கவுன்சிலின் அந்த நீளமான பட்டியலில் இருந்தோம். அவர்களுடைய வீட்டுப் பகுதி அலுவலகத்தில் இருந்த பெண், திடல் இருக்கும் இடத்தில் வீடுகள் வந்தால் உங்களுக்கும் ஒன்று கிடைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அன்றும் நான்தான் மொழிபெயர்த்தேன். அம்மா அதை அப்பாவிடம் சொன்னபோது மேலே ஒரு விமானம் போனது. அது போன பிறகு அப்பா பேச்சைத் தொடரவில்லை.

விசாரணை நாளன்று அம்மாவும் வெளிக்கிட்டு வந்தார். தம்பிமாரைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு, கலியாணங்களுக்குக் கட்டும் சேலைக்கு மேலே குளிர்க் கோட்டைப் போட்டிருந்தார். அப்பாவின் பேச்சைக் கேட்க வருகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் என் வகுப்புத் தோழியின் தாய் இருந்தார். அவருடைய கணவர் அந்தத் திடலில் பறப்பவர். அதிகாரி மேசையில் தலை குனிந்து, எல்லோரும் சொல்வதைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பா நன்றாகப் பேசினார். புல்லைப் பற்றியும், பழக வரும் பெடியங்களைப் பற்றியும், மூடிவிட்டால் அந்த மெக்கானிக் வேறு எங்கே போவார் என்பதைப் பற்றியும் சொன்னார். நான் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். நாங்கள் உட்காரப் போகும்போது அம்மா எழுந்தார்.

"இவர் சொன்னதெல்லாம் உண்மை ஐயா. அந்த இடத்தில இவருக்கு ஒரு மரியாதை இருக்கு. ஆனா வீட்டை வந்தா இவர் ஒண்டையும் பாக்கிறேல்லை. மூண்டு பிள்ளையளும் ஒரு கட்டில்ல படுக்குதுகள். இவள் படிக்கட்டில இருந்து படிக்கிறாள். நாலு வருசமா நான் ஆரோ ஒராளின்ர அடுப்பில சமைக்கிறன். பிளேனுக்கு ஒரு கொட்டகை இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு எண்டு ஆரும் ஒருக்கா கேக்க வேணும்."

அதிகாரி பேனாவோடு என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையும் பார்த்தது. ஒரே கட்டிலையும் படிக்கட்டையும் பள்ளிக்கூடத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை. அறைக்கு யாரையும் கூட்டிவந்ததுமில்லை. என் வாய் தானாகவே திறந்தது. அப்பா சொன்னதெல்லாம் உண்மை என்று அம்மாவும் சொல்கிறார், அங்கே அவருக்கு மரியாதை இருக்கிறதாம் என்றேன்.

அவ்வளவுதானா, நீளமாகப் பேசினாரே என்று அதிகாரி கேட்டார். தமிழ் நீளமான மொழி என்றேன். மண்டபம் சிரித்தது. பிறகு அம்மாவுக்கும் கைதட்டினார்கள். அம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அவர் எங்களுக்கு முன் சீட்டில் தனியே இருந்தார். நான் செய்தது அவருக்கு விளங்கிவிட்டது, இனி அடி விழும் என்று வழியெல்லாம் பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சில மாதங்களில் முடிவு வந்தது. வீடு கட்ட அனுமதி இல்லை, திடல் இருக்கும். மரக் குடிலில் கேக் வெட்டினார்கள். அப்பா ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். அம்மா அதை மூன்றாக வெட்டி எங்களுக்குத் தந்துவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். என் துண்டைத் தம்பிமாருக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் வீட்டை நான்தான் இல்லாமல் செய்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அப்பா பெரியப்பாவிடம் போனார். அந்த மாத முடிவில், காப்பாற்றப்பட்ட திடலை விட்டு, சாப்பாடு கட்டும் கூடத்தில் சேர்ந்தார். தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு உறை, கிழமைக்குக் கிழமை மாறும் ஷிப்ட். ஏன் என்று கேட்டேன்.

"அங்க சம்பளம் கூட, பிள்ளை" என்றார். அது முதலே தெரிந்த விஷயம்தானே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அடுத்த வருடம் இரண்டு அறையும் எங்களுக்கே ஒரு சமையலறையும் உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தோம்.

பதினெட்டு வயதில், நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது அந்த விசாரணை அறிக்கை கையில் கிடைத்தது. நின்றபடியே வாசித்தேன். பக்கம் பக்கமாக அரசின் கொள்கை, மற்றத் திடல்களின் தூரம், சத்தம், போக்குவரத்து. கடைசியில், வேறு சில உள்ளூர்வாசிகளும் ஆதரவாகப் பேசினர் என்று அரை வரி. அப்பாவும் அம்மாவும் அந்தச் சிலருக்குள் இருந்தார்கள். என் பொய் எதையும் அசைத்திருக்கவில்லை. ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அன்று பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும். சனம் கைதட்டினது. இருக்க இடமில்லை எண்டு சொன்னா ஆர் கைதட்டுவினம்?"

"பிறகேன் அம்மா ஒண்டும் சொல்லேல்லை?"

"கேக்க வேண்டிய ஆள் கேட்டிட்டார் தானே" என்றார்.

அந்த மண்டபத்தில் தமிழ் விளங்கியவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். அது ஒரு குறை என்றும், அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் அங்கே நிற்கிறேன் என்றும் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.