மொன்றியலில் சஞ்சிகைக் கட்டுக்கு இடம் தேடிய கதை

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு ரொறன்ரோவிலிருந்து பஸ் புறப்பட்டது. டிக்கெட் அறுபத்தெட்டு டொலர். மொன்றியல் அங்கிருந்து ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். ஒக்ரோபர் கடைசி என்பதால் வழியில் பாதி மரங்களில் இலை இல்லை. மடியில் வைத்திருந்த பைக்குள் எங்கள் மாதச் சஞ்சிகையின் சில பிரதிகளும் மொன்றியல் சந்தாதாரரின் முகவரிகளும் இருந்தன.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் சஞ்சிகையின் சந்தா வேலையைப் பார்க்கிறேன். காசோலை அனுப்புகிறவர்கள் கூடவே ஒரு துண்டுக் கடிதமும் வைப்பார்கள். அவற்றுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது; எழுத்தில் வரும். அதனால் எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. மொன்றியல்காரரில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை.

ஆசிரியர் சிவம் அண்ணை போன மாதம் சொன்னார்: "தனித்தனியாத் தபாலில அனுப்பி இனிக் கட்டாது பிள்ளை. மொன்றியல் சந்தாக்காரி ராணி வீட்டுக்குக் கட்டா அனுப்புவம், ஆக்கள் அங்க போய் எடுக்கட்டும். அவை ஓம் எண்டாச் சரி. இல்லாட்டி தை மாசத்தோட மொன்றியலுக்கு அச்சுப் பிரதி இல்லை, போனில பாக்கட்டும்."

"ஆர் போய்க் கேக்கிறது?"

"நீதான். அவையை உனக்குத்தானே தெரியும்."

அங்குள்ளவர்களில் பாதிப்பேர் போனில் வாசிக்க மாட்டார்கள். சஞ்சிகை நின்றால் அவர்களின் கடிதங்களும் நின்றுவிடும். அதற்காகத்தான் ஓம் என்றேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் சென்னைப் பையன் ஒருவர், அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர். "ஆன்ட்டி, எங்க போனாலும் முதல்ல போன்ஷூர்னு பிரெஞ்சுல வணக்கம் சொல்லிடுங்க. அதுக்கப்புறம் இங்கிலீஷ்ல பேசினா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றார். கியூபெக் எல்லை தாண்டியதும் வீதிப் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறின. நான் ஜன்னலைப் பார்த்தபடி போன்ஷூர் சொல்லிப் பழகினேன்.

இரண்டு மணிக்கு மொன்றியல். மெற்றோ டிக்கெட் மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். கூண்டுக்குள் இருந்தவரிடம் போன்ஷூர் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலேயே வழி சொன்னார். செம்மஞ்சள் கோட்டில் ஜோன்-தலோன் வரை போய், நீலக் கோட்டுக்கு மாறி, பார்க் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து ராணி அக்காவின் வீடு பத்து நிமிட நடை. வழியில், பலகையில் குகன் என்று பெயர் எழுதிய தமிழ்ப் பலசரக்குக் கடை ஒன்றில் மீனுக்கு ஆட்கள் வாசல்வரை நின்றார்கள். இந்த ஊரில் மாடி வீட்டுக்குப் படி வெளியில்தான் இருக்கும். வளைந்து ஏறும் இரும்புப் படி. பிடி கையில் சில்லிட்டது.

ராணி அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் சமைக்கிறவர். நான் சப்பாத்தைக் கழற்ற முந்தியே சோறு போட்டுவிட்டார். "கட்டு இங்க வரட்டும், வாற ஆக்களை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அவருடைய கணவர் தவம் அண்ணை தையல் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; முத்திரை சேர்ப்பவர். சாப்பாடு முடிந்ததும் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உம்மட வேலை செய்த ஒரு ஆள் இதுக்குள்ள இருக்கிறார்" என்றார்.

பெட்டிக்குள் இருந்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்கள். பழைய சாமான் சந்தையில் முத்திரைக்காக வாங்கினாராம். எல்லாம் ஒரே ஆளுக்கு வந்தவை. மொன்றியலில் வெளிவந்த ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்கு, கிழக்கே உள்ள பண்ணை ஊர்களில் சந்தா சேர்த்துத் திரிந்த முகவர் அவர். ஓரிடம் தங்கமாட்டார் என்பதால் அடுத்து அவர் போகும் ஊரின் தபால் கந்தோருக்குக் கடிதம் முன்கூட்டியே போய் நிற்கும். மண்ணிற மை, சரிந்த கையெழுத்து. தவம் அண்ணை பூதக்கண்ணாடி பிடித்து ஒரு குளிர்காலம் முழுக்க அவற்றை வாசித்திருக்கிறார்.

"செத்த மனிசனுக்கு வந்த கடிதத்தை ஒண்டும் விடாமல் வாசிச்சவர்" என்றார் ராணி அக்கா. "உயிரோட இருக்கிற என்ர தம்பியின்ர மெசேஜுக்குப் பதில் போட நேரமில்லை."

"உன்ர தம்பி காலமை வணக்கம் எண்டு பூப்படம் அனுப்புறான். அதுக்கு என்ன பதில் போடுறது?"

தவம் அண்ணை ஒவ்வொன்றாக எடுத்துத் தமிழில் சொன்னார். பத்திரிகைக் கந்தோரிலிருந்து வந்தவை கண்டிப்பானவை. பெயர்களை விளங்கும்படி எழுது; இரண்டு கிழமையாகக் கடிதமில்லை, உயிரோடு இருக்கிறாயா. சந்தாதாரர் எழுதியவை வேறு மாதிரி. என் பத்திரிகை என் பெயருள்ள இன்னொருவனிடம் போகிறது, அவன் திருப்பித் தருகிறானில்லை என்று ஒருவர். தொடர்கதையில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று மனைவி கேட்கச் சொன்னதாக இன்னொருவர். அடுத்த ஊரில் இருக்கும் என் தமையனைக் கண்டால் குதிரைக்குக் கால் சுகம் என்று சொல்லவும் என்று வேறொருவர். சிரிப்பாக இருந்தது. எனக்கு வரும் துண்டுகளும் இப்படித்தான்.

கந்தோர்க் கடிதம் ஒன்றில் ஒரு திட்டம் இருந்தது. ஒரே ஊரில் ஆறு பேரைச் சேர்த்து அவர்களின் பத்திரிகையை ஒரு வீட்டுக்குக் கட்டாக அனுப்பினால், சேர்த்தவருக்கு ஏழாவது பிரதி இலவசம்.

"எங்கட திட்டமும் இதுதான்" என்றேன். எனக்குத் துணிவு வந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறதே என்று அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சந்தாதாரர் வீடுகளுக்குப் புறப்பட்டேன். முதலில் கோட்-டே-நேஜில் செல்வி அக்கா. வடை சுட்டு வைத்திருந்தார். பஸ் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டார். கட்டு ராணி அக்கா வீட்டுக்கு வரும் என்று நான் சொன்னதும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"பாப்பம்" என்றார். "இன்னொரு வடை எடும்."

அடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய். மஞ்சள் கோடு. மொன்றியல் ஒரு தீவு; அதை விட்டு வெளியே போனால் டிக்கெட்டின் விலையும் கூட. அங்கே ஒரு கணவனும் மனைவியும் கேக் வெட்டித் தந்தார்கள், சஞ்சிகையைப் புகழ்ந்தார்கள். கட்டு விசயம் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பேந்து யோசிச்சுச் சொல்லுறம்" என்றார் கணவர்.

பாப்பம் என்றாலும் பேந்து என்றாலும் எங்கள் ஆட்களிடம் இல்லை என்றுதான் அர்த்தம். ஏன் இல்லை என்பதுதான் விளங்கவில்லை. ராணி அக்காவோடு ஒருவருக்கும் கோபமில்லை; எல்லாரும் அவர் நல்ல மனிசி என்றே சொன்னார்கள்.

மூன்று மணிக்கு லவால். செம்மஞ்சள் கோட்டின் கடைசி நிலையத்தில் அருளப்பு அண்ணை காரோடு நின்றார். மட்டக்களப்புக்காரர், மரவேலை செய்கிறவர். எங்கள் சமையல் பக்கத்தில் பிழை பிடித்து மாதம் தவறாமல் எழுதுகிறவர். காருக்குள் ஏறியதுமே கேட்டேன், இனி எனக்கு வெட்கப்பட நேரமில்லை.

"அண்ணை, ராணி அக்கா வீட்டை போய் எடுக்கிறதில உங்களுக்கு என்ன கரைச்சல்?"

அவர் சிரித்தார். "பிள்ளை, அவ வீட்டை வெறுங்கையோட போகேலுமா? கேக் ஒண்டாவது வாங்கோணும். போனா அவ சோறு போடாம விடமாட்டா. திண்டுபோட்டு உடனே எழும்பேலாது. மறுகா அவவை நாங்க கூப்பிடோணும். மாசாமாசம் இது நடக்கோணும். ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு பாடா?"

"நான் இண்டைக்கு எல்லா வீட்டையும் வெறுங்கையோடதான் போனன்."

"கவனிச்சன். நீ வேலையா வந்தனீ, அதால மன்னிச்சாச்சு."

திரும்பும்போது மெற்றோவில் யோசித்தபடி வந்தேன். சிவம் அண்ணையும் நானும் தபால் செலவை எல்லாம் பார்த்தோம். தமிழர் வீட்டுக்குள் போய் ஐந்து நிமிடத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நாங்களும் அதே வீடுகளில் வளர்ந்தவர்கள்தான்.

இதை ராணி அக்காவிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"அப்ப நான் சோறு போடுறதுதான் குற்றமோ?"

"ஓம்" என்றார் தவம் அண்ணை. ராணி அக்காவின் கையிலிருந்த அகப்பை அவர் பக்கம் திரும்பியது. அவர் அதைக் கவனிக்காமல் எழுந்துபோய்ச் சப்பாத்துப் பெட்டியைக் கிண்டினார். "ஒரு பொம்பிளை எழுதின கடிதம் ஒண்டு இருக்கு. அவ ஏன் அப்பிடி எழுதினவ எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை."

அது ஒரு பண்ணை வீட்டுக்காரி முகவருக்கு எழுதியது. என் பத்திரிகையை அயல் வீட்டில் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டிருந்தாள். வீடு அரை மைல் தூரம்தான். ஆனால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவர்கள் ஆப்பிள் பணியாரம் தந்து இருத்திவிடுகிறார்களாம். தன் வீட்டில் இந்த வருடம் ஆப்பிள் காய்க்கவில்லை, திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. இப்படியே போனால் பத்திரிகையே வேண்டாம்.

ராணி அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "சரியாத்தான் எழுதியிருக்கிறா" என்றார்.

"முகவர் என்ன பதில் எழுதினவர்?" என்று கேட்டேன்.

"அவர் எழுதின ஒண்டும் இதுக்குள்ள இல்லை. வந்தது மட்டும்தான். ஆனா இதைப் பாரும்." அதே கையெழுத்தில் இன்னொரு கடிதம், சில மாதம் பிந்தியது. மாவரைக்கும் ஆலை நல்ல இடம், நன்றி. தானியத்தோடு எப்படியும் அங்கே போகத்தானே வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "குகன்ர கடை."

ஞாயிறு காலை பத்து மணி. பார்க் எக்ஸ்டென்ஷனில் குகனின் பலசரக்குக் கடை. லவாலிலிருந்தும் லொங்குய்யிலிருந்தும் மீனுக்கும் கறிவேப்பிலைக்கும் ஆட்கள் வருவது இங்கேதான். கிழமைக்கு ஒருமுறை ரொறன்ரோவிலிருந்து மரக்கறி வான் வரும். கட்டை அதிலேயே ஏற்றலாம். குகனுக்கு நாற்பது வயது இருக்கும். காசு மேசைக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்.

"அக்கா, எனக்கு வில்லங்கம் ஒண்டுமில்லை. ஆனா ஆக்கள் எடுக்காமல் குவிஞ்சு கிடந்தா ஆர் பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

"நீங்கள் ரொறன்ரோவில."

"மத்தியானம் வரைக்கும் இங்க நிக்கிறன். வாற சந்தாக்காரரை நானே கேக்கிறன். நீங்களும் கேட்டுப் பாருங்கோ."

கறிவேப்பிலை தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குறுக்கிட்டார். "தம்பி, அட்டையில சாமிப் படம் வாற புத்தகம். மீனுக்குப் பக்கத்தில வைச்சிடாதை."

"மீன் பின்னுக்கு, அன்ரி. புத்தகம் முன்னுக்கு, அரிசி மூட்டையோட."

அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பிரதிகளை அடுக்கிவிட்டு நின்றேன். முகங்கள் தெரியாது. ஆனால் ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் எழுதியதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பிரதி ஒன்றைப் புரட்டினார். பெயரைக் கேட்டேன்.

"நீங்கள்தானே எழுத்து சின்னனாப் போச்சு எண்டு மூண்டு முறை எழுதினது? மாசியிலிருந்து பெருப்பிச்சிருக்கு, பாருங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். "பச்சை மையில பதில் எழுதுறது நீரோ?"

"நான்தான்."

"நான் ஒரு வயசுபோன ஆம்பிளை எண்டெல்லோ நினைச்சன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பேச்சு தன்பாட்டில் வந்தது. மகளின் பேறுகாலத்தைப் பற்றி எழுதியவரிடம் பேத்தியைக் கேட்டேன். பத்தியத்துக்கு நல்லெண்ணெய் எது நல்லது என்று எழுதியவருக்குக் எண்ணெய் அடுக்கியிருந்த தட்டைக் குகனே காட்டினார். செல்வி அக்கா முருங்கைக்காயோடு வந்து, நேற்று ஒன்றுமே நடக்காதது போல, "இங்கயெண்டா எனக்கு லேசு" என்றார். லொங்குய்ய்க் கணவர் தலையாட்டினார். மனைவி சத்தமாகவே ஓம் என்றார். அருளப்பு அண்ணை மீன் பையைத் தூரப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பிரதியை எடுத்தார். வந்தவர்களில் ஒருவர்கூடப் பாப்பம் என்று சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்குக் குகன் வெறும் மரக்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, "இது உங்கட மேசை" என்றார். நான் கடைக்குள் நின்றே சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"மொன்றியல் நிக்காது அண்ணை. கட்டு மரக்கறி வானில குகன்ர கடைக்கு வரும்."

"வீட்டுக்கெண்டெல்லோ கதைச்சனாங்கள்?"

"வீடு சரிவராது. வந்து சொல்லுறன்."

இரண்டு மணி பஸ்ஸுக்கு ராணி அக்கா புட்டும் மீன் பொரியலும் கட்டித் தந்தார். பஸ்ஸுக்குள் மணக்கும் என்றேன். மணக்கட்டும் என்றார்.

ஸ்காபரோவில் நான் இருக்கும் கட்டிடத்தில் எல்லாம் சுலபம். பொதி வந்தால் கீழே உள்ள பெட்டியில் கிடக்கும், எடுத்துக்கொண்டு மேலே போவேன். என் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. சோறு போடவென்று ஒருவரும் என்னை மறித்து நிறுத்துவதில்லை. அது வசதி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

கிங்ஸ்ரன் தாண்டி, பக்கத்தில் இருந்தவர் நித்திரையானதும் புட்டைப் பிரித்தேன். பைக்குள் அருளப்பு அண்ணை கடையில் திணித்த துண்டும் இருந்தது. வழமைபோல் சமையல் பக்கத்துப் பிழையைப் பற்றியது. அதற்குக் கீழே எழுதியிருந்தார்: புத்தகம் கடைக்கு வரட்டும், அது நல்லது. ஆனால் பிள்ளை, நீ வந்தால் வீட்டுக்குத்தான் வரவேணும்.

பச்சைப் பேனாவை எடுத்து அந்தத் துண்டின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினேன். வருகிறேன் அண்ணை, கேக்கோடு.