ஹமீது நானாவும் மன்னார்ப் புல்லும்

சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஹமீது நானாவின் மருமகன் சைக்கிளில் வெள்ளவத்தைக்கு வந்தார். "மாமா மௌத்தாகிட்டார். அஸர் தொழுகைக்குப் பொறவு மையத்து எடுக்கிற" என்றார். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அவர் பாதியில் விட்ட வேலைக்கு அடுத்த ஆள் நான்தான்.

நானாவை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கு அவருடைய பயங்களும் தெரியும். ட்ராம் முற்றாக நின்ற பிறகும் ஒருமுறை எட்டிப் பார்த்துத்தான் காலைக் கீழே வைப்பார். நாங்கள் வேலை செய்யும் கந்தோரில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. "பயப்படுறவன் வீட்டுக்குப் போய்ச் சேருவான் தம்பி" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மன்னார்ப் பக்கத்து வறண்ட வெளியில் புல் எவ்வளவு தண்ணீரை வெயிலுக்கு விடுகிறது என்று மதிப்பிடுவது எங்கள் வேலை. மண்ணோடு வெட்டிய புல்லை மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்துக் காலையிலும் மாலையிலும் நிறுப்போம். குறைந்த எடைதான் போன தண்ணீர். அங்குள்ள ஒரு குளத்து நீரைப் பாய்ச்சி மேய்ச்சல் புல் வளர்க்க, மாடு வைத்திருக்கும் குடும்பங்களைக் குடியேற்றும் திட்டம் இருந்தது. குளத்து நீர் போதுமா என்பதை எங்கள் கணக்குத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே போனவர்கள் மலேரியாவோடு திரும்பினார்கள். புல்லை ரயிலில் கொழும்பு மருதானைக்கு எடுப்பித்து, வெள்ளவத்தைக் கந்தோர் முற்றத்திலேயே நிறுக்கலாம் என்று யோசனை சொன்னவர் நானா. எங்கள் மேலதிகாரியான துரை சம்மதித்ததும் எங்களுக்கு உயிர் வந்தது.

கணக்கு மேலிடத்துக்குப் போன பிறகு, ஒரு மழை நாளில் நானா தேத்தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "நேத்துத் துவைச்ச சாரம் இன்னம் காயல்ல தம்பி. இந்தக் கடல் காத்துல சாரமே காயாட்டி, புல்லு எப்படித் தண்ணிய விடும்? மன்னார்க் காத்து இப்படியா ஈக்கும்?" என்றார். "நம்மட கணக்க நம்பிப் போற சனம், குளம் வத்தினா என்னத்தக் குடிக்கும்? எனக்குப் பயமா ஈக்குது" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

துரையின் அறைக்கு நானும் கூடப் போனேன். கணக்குப் பிழை என்றும், யோசனை தன்னுடையது என்றும் நானா சொன்னார். துரை கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அங்கே போய் நிறுக்க யார் தயார் என்று மட்டும் கேட்டார். "நான் போறேன் சேர்" என்றார் நானா. சொன்னவுடன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மனிதர் பாதியாகியிருந்தார். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றில், வெள்ளவத்தையில் நாள் முழுவதும் போன தண்ணீர் அங்கே மதியத்துக்கு முன்பே போய்விடுகிறதாம். குடியேற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பக்கத்துக் காட்டு யானைகளைப் பற்றிக் கேட்டேன். "யானை வந்திச்சுதான். அதுக்கும் பயந்தேன். பயந்துக்கிட்டே புல்ல நிறுத்தேன்" என்றார். காய்ச்சல் அவரோடு கொட்டாஞ்சேனை வரை வந்திருந்தது. பிறகு அது விடவேயில்லை.

மழைக்காலக் கணக்கு இன்னும் பாக்கி. அந்தக் குடும்பங்கள் காத்திருக்கின்றன. பயமென்றால் முன்போல வெள்ளவத்தையிலேயே புல்லை நிறுத்து, மிச்சத்தை உத்தேசமாகப் போட்டுக்கொள் என்று துரை என்னிடம் சொல்லியிருக்கிறார். இரக்கத்தோடுதான் சொன்னார். திங்கட்கிழமை ரயிலுக்கு நான் பெட்டி கட்டியிருக்கிறேன். காய்ச்சலை நினைத்தால் பயம், யானையை நினைத்தால் பயம். உத்தேசமாகப் போட்ட ஒரு கணக்கை நம்பி யாரோ ஒரு தாய் வற்றிய குளத்துக்குக் குடத்தோடு இறங்குவாள் என்பதை நினைத்தால், அவை இரண்டும் சிறிதாகிவிடுகின்றன. அந்தப் பெரிய பயம் நானாவுடையது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.