பிள்ளை பெற வந்த நாரைகள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, செத்துப்போன நாத்தனாரின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. ஒன்றையும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. எத்தனை பேரால் இப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் பச்சை மீன் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் என் உள்ளங்கை சில்லிட்டுப் போகும்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ஏரியை ஒட்டியது எங்கள் தெரு. வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு பெரிய புளியமரம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் நாரைகள் வந்து அதில் கூடு கட்டும். "புள்ள பெற வந்த பொண்ணுங்க" என்பார்கள் தெருவில். குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் யாரும் அங்கே புளி உலுக்கமாட்டார்கள், வெடி வெடிக்கமாட்டார்கள். மரத்தடியெல்லாம் சுண்ணாம்பு கொட்டினாற்போல் எச்சம். பாதி விழுங்கிய மீன் மேலிருந்து தொப்பென்று விழும். பசித்த குஞ்சுகளின் சத்தம் பறவைச் சத்தமாகவே இருக்காது. எலும்பை எலும்பால் தட்டுகிற மாதிரி "டக் டக்" என்று பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

எல்லை பிரிக்கிற பேச்சு நடந்த காலம் அது. மதராஸா ஆந்திராவா, எந்தப் பக்கம் விழுவோமோ என்று நைனா கழனிக்குப் போகும்போதும் வரும்போதும் அதே கவலையாக இருந்தார். அந்தத் தை மாதத்தில்தான் என் தம்பி பிறந்தான். எனக்கு அப்போது பத்து வயது.

பிள்ளை பெற்ற இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி பார்க்கக் கூடாது, பார்த்தால் ஒருத்தியின் பிள்ளை இளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாரைகளும் பிள்ளை பெற வந்தவைதானே? அதனால் பிரசவம் பார்க்க வந்த பெரியம்மா கொல்லைச் சன்னலைப் பழைய புடவையால் மூடிவிட்டாள்.

மரத்தடியில் ஒரு குஞ்சு விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். விழுந்த குஞ்சுக்காகத் தாய் நாரை கீழே இறங்காது. மேலே நின்று பார்க்கும், அவ்வளவுதான். தாய்க்குத் தாய்தானே ஆகாது, நான் யாருக்குத் தாய் என்று நினைத்து, அதைத் தூக்கிவந்து கூடையில் வைத்து விறகு அடுக்குக்குப் பின்னால் மறைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் தூளி. வாய்க்காலில் கெண்டைக் குஞ்சு பிடித்துவந்து ஊட்டினேன். "மீன்காரி, ஏரியிலயே குடித்தனமா?" என்று நைனா கேலி செய்தார்.

மறுநாள் உச்சி வெயிலில் தாய் நாரை எங்கள் கொல்லைச் சுவரில் வந்து நின்றது. கத்தவில்லை, அசையவில்லை. புடவை மறைத்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்தது. தம்பி பால் குடிப்பதை நிறுத்தினான். இரண்டு நாளில் அழுகை வறண்டு, தொண்டையில் "டக் டக்" என்று மட்டும் வந்தது. விறகுக்குப் பின்னால் குஞ்சோ கொழுத்துக்கொண்டிருந்தது.

பெரியம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. வெகுநேரம் நெருப்பைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வூட்ல இன்னொரு புள்ள துன்னுக்கினு கீது. எங்க கீது?"

அவள் அம்மாவிடம் போனதும் கூடையோடு மரத்துக்கு ஓடினேன். அதன் கூடு எதுவென்று எனக்குத் தெரியும்; உச்சிக் கிளையில், தாய் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறியதும் மரம் முழுக்க அந்தத் தட்டுகிற சத்தம் நின்றுபோனது. அத்தனை கழுத்தும் நீண்டு என்னையே பார்த்தன. அதற்கு மேல் ஏற எனக்குத் துணிவு வரவில்லை. எட்டின கூட்டில், வேறொருத்தியின் இரண்டு குஞ்சுகளுக்கு நடுவில் அதை வைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது தம்பி அம்மாவின் மார்பில் வாய் வைத்திருந்தான். "குடிக்கிறான்டி" என்று அம்மா அழுதாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குஞ்சு மரத்தடியில் கிடந்தது. கழுத்தெல்லாம் கொத்திய புண், எறும்பு மொய்த்திருந்தது. யாரும் வருவதற்குள் கையாலேயே மண்ணைத் தோண்டி மூடினேன். இன்னும் நாலு கிளை ஏறியிருந்தால் போதும்.

பிறகு எல்லை தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரா பக்கம் நின்றோம். எனக்குத் தமிழ் எழுத்து பாதியோடு நின்றது. புளியமரம் ரோட்டுக்குப் போனது, ஏரி பிளாட்டுக்குப் போனது. தம்பி பலமனேரில் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அவனிடம் இதைச் சொன்னதில்லை. நான் இப்போது திருச்சானூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரு கூடு கிடையாது. ஆனாலும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் சில நாள் உச்சி வெயிலில் ஒற்றை நாரை வந்து நிற்கும். அது போகிற வரைக்கும் நான் சன்னல் பக்கம் போகமாட்டேன்.

பேத்திக் கண்ணு, என் கோணல் எழுத்து உனக்குப் புரியும். முதல் வரியிலிருந்து ஒருதரம் படித்துக் காட்டு. ஒன்றையும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை என்று எழுதியிருப்பேன். அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து.